ஹோன் அடித்ததும் மூடிய பேனைகள்

நான் கணித ஆசிரியை. நெடுந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லப்போவதில்லை. யாரையாவது திட்டியே ஆகவேண்டும் என்று தோன்றுகிறவர்கள் என்னைத் திட்டலாம், பள்ளிக்கூடத்தை விட்டுவிடுங்கள். என் வீடு யாழ்ப்பாணப் பட்டினத்தை ஒட்டி இருக்கிறது. விடிய முன்னரே எழும்பிக் குசினிக்குள் புகுந்து, மகளுக்கும் அவளின் தகப்பனுக்கும் சாப்பாடு கட்டி வைத்துவிட்டுக் குறிகட்டுவான் துறைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிப்பேன். பஸ் அங்கே முடிந்துவிடும். பிறகு போட். கடலில் ஆடி ஆடிப் போய் இறங்கும்போது ஒரு நாள் வேலை செய்த களைப்பு வந்திருக்கும். அதற்குப் பிறகுதான் என் முதலாவது பாடம் தொடங்கும். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அனுதாபத்துக்காகத்தான். கொஞ்ச அனுதாபத்தை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டால்தான் மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி இருக்கிறது. பாடத்துக்குப் பாடம் அடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் எங்களை ஆள்வது அந்த மணி அல்ல, பின்னேரப் போட்டின் ஹோன். துறையில் கட்டியிருக்கும் போட், புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னர் நீளமாக ஒரு ஹோன் அடிக்கும். துறை கிட்ட என்பதால் வகுப்பறைக்குள் தெளிவாகக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் கிளம்பி வேகமாக நடந்தால், அல்லது ஒரு ஓட்டோ கிடைத்தால், போட்டைப் பிடிக்கலாம். விட்டால் பிறகு வீடு போய்ச் சேர வழியில்லை, அடுத்த நாள் விடியும் வரை அங்கேதான்.

சாதாரண நாட்களில் இதனால் கடைசிப் பாடத்தின் வால் அறுந்துபோகும், அவ்வளவுதான். தவணைச் சோதனை நாட்களில்தான் விஷயம் வேறு. பதினோராம் வகுப்பு முடிவில் அரசாங்கம் நடத்தும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தின் இரண்டாம் வினாத்தாள் நீளமானது. ஏ பகுதி, பி பகுதி என்று இரண்டு பிரிவு. எங்கள் தவணைச் சோதனைக்கும் அதே அமைப்பில்தான் வினாத்தாள். அதை முழுக்க எழுத விட்டால் போட் போய்விடும். ஆகவே ஹோன் அடித்ததும் பேப்பரை வாங்கிவிடுவோம். இந்தப் பழக்கத்தை யார் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் இடமாற்றத்தில் வந்தபோதே அது இருந்தது, பாடவிதானத்தில் எழுதியிருப்பதைப் போல யாரும் கேள்வி கேட்காமல் இருந்தது. நான் என் பங்குக்கு அதற்கு ஒரு நியாயம் சேர்த்தேன். பி பகுதி வேண்டாம், ஏ பகுதியைச் செய்தாலே பாஸ் பண்ணலாம், பாவம் பிள்ளைகள் என்று சொன்னேன். வட்டம், முக்கோணம் என்று வரும் கேத்திரகணித நிறுவல்களை அப்படித்தான் மெல்ல மெல்லக் கைவிட்டேன். அதற்குப் பெயர் இரக்கம் என்று உண்மையாகவே நம்பினேன்.

பிள்ளைகள் எங்களுக்கு ஒத்தாசையாக இருந்தார்கள். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஹோன் அடிக்கும் நேரம் கிட்ட வரும்போது அவர்களே யன்னலைப் பார்க்கத் தொடங்குவார்கள். அடித்ததும் வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் பேனை மூடும் சத்தம் கேட்கும். ஒரு பிள்ளை பேப்பர்களைச் சேர்க்கும், ஒரு பிள்ளை என் கைப்பையை எடுத்துத் தரும், இன்னொரு பிள்ளை குடையை எடுத்துத் தரும், இன்னொன்று வாசலுக்கு ஓடி ஓட்டோவை மறிக்கும். பட்டினத்துப் பிள்ளைகள் இப்படிச் செய்வார்களா என்று போட்டில் இருந்து நாங்கள் பெருமையாகக் கதைத்துக்கொண்டு போவோம்.

என் மகள் பட்டினத்தில் பேர்பெற்ற ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஒரு ஆண்டு, நான் தீவில் படிப்பித்த வகுப்பும் அவள் படித்த வகுப்பும் ஒன்றாக அமைந்தன, இரண்டும் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வகுப்பு. வீட்டில் சாப்பாட்டு மேசையில் மணிக்கூட்டை வைத்துவிட்டு, முழு வினாத்தாளையும் கொடுத்து, எதிரில் இருந்து பயித்தங்காய் முறித்துக்கொண்டிருப்பேன். முடித்துவிட்டேன் என்று அவள் எழும்பப் பார்த்தால் விடமாட்டேன். நேரம் முடியும் மட்டும் எழும்பக்கூடாது, திருப்பிப் பார், தெரியாத கணக்கையும் தெரிந்த மட்டும் எழுது, பாதி நிறுவலுக்கும் புள்ளி கிடைக்கும் என்று படித்துப் படித்துச் சொல்லுவேன். ஒருநாள் சலித்துப்போய், தீவுப் பிள்ளைகளையும் இப்படித்தான் அரிக்கிறீர்களா என்று கேட்டாள்.

“அவைக்கு இவ்வளவு தேவையில்லை” என்றேன்.

அந்த வசனத்தை நான் பயித்தங்காயை முறித்துக்கொண்டே சொன்னேன். கை நிற்கவும் இல்லை.

அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். தீவின் மற்றப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவாள். தகப்பன் மாடு வளர்க்கிறவர், காலம் வந்தால் பனைவேலைக்கும் போவார். தாய் வீட்டில் பனையோலைப் பெட்டி இழைப்பா. பிள்ளைக்குக் கேத்திரகணிதத்தில் ஒரு பைத்தியம். வட்டத் தேற்றம் ஒன்றை நான் கரும்பலகையில் நிறுவிக் காட்டினால், அதையே வேறு வழியில் நிறுவிக்கொண்டு அடுத்த நாள் வந்து நிற்பாள். விட்டுவிட்ட பாடங்களைப் பற்றிக் கேட்பாள். பிறகு பார்ப்போம் என்பேன், என் கண் யன்னலில் இருக்கும். அவள் பிறகு வரைக்கும் காத்திருக்கவில்லை. பழைய வினாத்தாள்களை வைத்துத் தானாகவே முட்டி மோதிப் படித்தாள்.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. அடுத்த கட்டமான உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கவேண்டும். தீவில் கணிதப் பிரிவு கிடையாது. கடல் கடக்கத் தேவையில்லாத சுருவில் என்ற ஊரில் அவளின் பெரியம்மா இருந்தா. அங்கே தங்கினால் பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய் வரலாம். பெரியம்மாவும் சம்மதித்து, அறையில் இருந்த நெல்மூட்டைகளைக்கூட வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாவாம். அந்தப் பள்ளிக்கூடம் கணிதத்தில் குறைந்தது பி தரத்தில் சித்தி கேட்டது. நான் பெற்றோர் கூட்டத்தில் தாயிடம், பி என்ன பி, இவளுக்கு ஏ நிச்சயம் என்றேன். தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தா.

பரீட்சை வந்தது. எங்களை மேற்பார்வைக்கு வேறு இடங்களுக்குப் போடுவார்கள். என்னைப் பட்டினத்தில் ஒரு மண்டபத்துக்குப் போட்டார்கள். அங்கே பிள்ளைகள் கடைசி நிமிடம் வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள். நேரம் முடிந்த பிறகும் ஒரு பிள்ளை விடாமல் எழுத, போதும், கையை எடும் என்று பேப்பரை இழுத்து எடுத்தேன். அவ்வளவு எழுதிய பிறகும் அந்தப் பிள்ளைக்குப் போதவில்லை.

பரீட்சை முடிந்த நாளில் ஒரு அலுவலாக நான் தீவுக்குப் போயிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் சிலரும் வந்திருந்தார்கள். திரும்பி வரும் போட்டில் எங்களோடு, தீவில் மேற்பார்வை செய்தவர்களும் ஏறினார்கள். அவர்கள் பரீட்சை முடியும் வரைக்கும் தீவிலேயே தங்கியிருந்தவர்கள். அவர்களில் ஒருவர் சரவணை என்ற ஊர்க்காரர், நல்ல பகிடிக்காரர். நான் கணித ஆசிரியை என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“உங்கட பிள்ளையளைப் போல ஒழுக்கமான பிள்ளையளை நான் ஒரு இடத்திலயும் காணேல்லை டீச்சர். கணக்குச் சோதினை அண்டைக்கு இந்தப் போட் ஹோன் அடிச்சுது. உடன ஹோல் முழுக்கப் பேனை மூடுற சத்தம். பேப்பரை அடுக்கி, நூலைக் கட்டிப்போட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருக்கினம். இன்னும் நேரம் கிடக்கு, எழுதுங்கோ எண்டு சொன்னனான். ‘ஓம் சேர்’ எண்டு தலையாட்டுகினம். ஒருத்தரும் எழுதேல்லை.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் இன்னும் முடிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை, பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போகும்போது, சுவரில் கொழுவியிருந்த அவருடைய குடையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாளாம். வெய்யிலும் இல்லை, மழையும் இல்லை, நான் எங்கே போகப்போகிறேன் என்று நினைத்ததோ தெரியாது என்று சொல்லி அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாத விஷயம். எனக்கு விளங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த பிள்ளை யார் என்று விளங்கிவிட்டது, ஏன் குடையை எடுத்தாள் என்பதும் அரைகுறையாக விளங்கிவிட்டது. என்னோடு இருந்த ஆசிரியர்களுக்கும் விளங்கியிருக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு அவருடைய பகிடிக்கு ஒத்து ஊதினோம். குறிகட்டுவானில் இறங்கியதும் பஸ்ஸுக்கு ஓடினோம்.

பெறுபேறு வருவதற்கு இடையில் எங்களுக்குப் பட்டினத்தில் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். கல்வியில் ஏற்றத்தாழ்வை வகுப்பறை ஆசிரியர் எப்படி எதிர்கொள்ளலாம் என்பது தலைப்பு. குழுக்குழுவாகப் பிரித்து, பெரிய தாளும் பேனைகளும் தந்து எழுதச் சொன்னார்கள். எங்கள் குழுவுக்கு நான்தான் தலைவி. வறுமை என்று எழுதினோம், போக்குவரத்து என்று எழுதினோம், பெற்றோரின் அக்கறையின்மை என்றும் கூசாமல் எழுதினோம். நான் மேடையில் ஏறி, ஒவ்வொரு பிள்ளைக்கும் சம வாய்ப்பு என்பது நாங்கள் வகுப்பறைக் கதவைத் திறக்கும்போதே தொடங்க வேண்டும் என்று நீட்டி முழக்கினேன். கைதட்டல் கிடைத்தது. எங்கள் தாளில் ஹோன் என்ற சொல் இல்லை. அதை எழுதுவதற்கு எல்லாப் பேனையும் என் கையில்தான் இருந்தது.

பெறுபேறு வந்தது. என் மகளுக்குக் கணிதத்தில் ஏ. கேக் வெட்டினோம். கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே கைபேசியில் தீவுப் பிள்ளைகளின் சுட்டெண்களைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண்பிள்ளைக்கு மற்றப் பாடங்கள் எல்லாம் நன்றாக இருந்தன. கணிதத்தில் சி.

அடுத்த நாள் பெறுபேற்றோடு பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகளில் அவள் இல்லை. பின்னேரம் ஆகும் முன்னரே அதிபரிடம் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். ஓட்டோவில் ஏறி இருந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இத்தனை ஆண்டு இந்தத் தீவில் வேலை செய்கிறேன், பள்ளிக்கூட வாசலில் இறங்கி துறைப் பக்கம்தான் திரும்பியிருக்கிறேன். மற்றப் பக்கம் ஒருநாளும் திரும்பியதில்லை. கல்வேலிகளுக்கு நடுவே ஓட்டோ போய்க்கொண்டே இருந்தது. இந்தத் தூரத்தை அவள் தினமும் சைக்கிள் உழக்கி வந்து, எனக்கு முன்னர் வகுப்பில் இருந்தாள்.

வேப்பமரத்தின் கீழ் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார்கள். தாய் தேத்தண்ணி போட உள்ளே போனா. பிள்ளை எனக்கு முன்னால் நின்றாள், அழுது ஓய்ந்த முகம். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. கணக்கைப் பற்றிக் கேட்டேன்.

“கடைசிக் கணக்குகள் தெரியாமல் போச்சோ?”

“தெரியும் டீச்சர். நிறுவல் பாதி எழுதினனான்.”

“பிறகேன் பேனையை மூடினனீர்?”

“ஹோன் அடிச்சிட்டுதெல்லோ.”

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து அவள் விளங்கப்படுத்தினாள்.

“அந்தச் சேரும் போட்டுக்குப் போகவேணுமெல்லோ டீச்சர். எங்களால அவர் ஏன் மறிபட வேணும்?”

மேற்பார்வைக்கு வந்தவர்கள் தீவிலேயே தங்கியிருந்தவர்கள், அவருக்குப் போட் பிடிக்கத் தேவையே இல்லை, நேரம் இருக்கிறது என்று அவர் சொன்னார்தானே என்றேன். என் குரலில் கோபம் ஏறியது எனக்கே கேட்டது. யாரில் கோபம் என்று அப்போது யோசிக்கவில்லை.

“சொன்னவர்தான். நல்ல ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம். நீங்களும் சொல்லுறனீங்கள்தானே டீச்சர், அவசரமில்லை, எழுதுங்கோ எண்டு. சொல்லிக்கொண்டு குடையை எடுப்பியள்.”

குற்றம் சாட்டும் குரலில் அவள் இதைச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை, பெரியவர்களுடைய வாய்வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்ளவேண்டும் என்று தனக்குத் தெரியும் என்பதை எனக்குச் சொன்னாள். எனக்கு அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பவும் முடியவில்லை. தேத்தண்ணியோடு வந்த தாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மகளைக் கடிந்துகொண்டா. டீச்சருக்குப் போட்டுக்கு நேரமாகிவிட்டது, கதைத்துக்கொண்டு நிற்காதே என்றா. தகப்பன் பக்கத்து வீட்டு மோட்டார்சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். என்னை ஏற்றிக்கொண்டு, குழியெல்லாம் விழுத்தி, ஹோன் அடிக்க முன்னரே துறையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். நான் அந்தப் போட்டில் ஏறி வீட்டுக்குப் போனேன். நிற்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கிழமை ஆசிரியர் கூட்டத்தில் கதையை எடுத்தேன். சோதனைக் கிழமைகளிலாவது முழு நேரமும் எழுத விடவேண்டும், அதற்கு நாங்கள் முறை வைத்துத் தீவில் தங்கவேண்டும் என்றேன். எல்லாரும் ஒரேயடியாக வாய் திறந்தார்கள். ஒருவருக்குப் பால்குடிப் பிள்ளை. ஒருவருக்குப் படுக்கையில் தாய். எல்லாம் உண்மையான காரணங்கள், என்னிடமும் அப்படி நாலு இருந்தன. எங்களில் மூத்த ஆசிரியர் ஒருவர், டீச்சருக்கு இப்போதுதான் ஞானம் பிறந்திருக்கிறது, பிறந்த பிள்ளை கொஞ்சம் கத்தும்தான் என்றார். சிரிப்பு. நான் சுள்ளென்று ஏதோ சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கனகாலம் கதைக்கவில்லை. இளம் விஞ்ஞான ஆசிரியை ஒருத்தி மட்டும், ஒரு சோதனைக் கிழமைக்கு நிற்பதற்கு ஏலாதா என்று மெல்லக் கேட்டாள்.

அதிபர் தீவு மனிதர். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கன வருசமாக் கேக்க நினைச்சனான். கேட்டா நீங்கள் மாற்றம் எடுத்துக்கொண்டு போயிடுவியள் எண்டு பயம். பிள்ளையளுக்கு அரைவாசி நேரமெண்டாலும் டீச்சர்மார் இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்.”

அதன் பிறகு யாரும் பகிடி விடவில்லை. இத்தனை காலமும் அந்த மனிதர் எங்களைக் கண்டு பயந்துகொண்டு இருந்திருக்கிறார். தினமும் காலையில் துறைக்குச் சைக்கிளில் வந்து, எல்லாரும் வந்துவிட்டோமா என்று பார்த்துச் சிரித்தது வரவேற்பு என்று நினைத்திருந்தேன்.

ஆசிரியர் விடுதி என்று ஒரு கட்டடம் இருந்தது. உடைந்த மேசை, கதிரைகளை அடைத்து வைத்திருந்தார்கள். அதைத் துப்புரவாக்கினோம். சோதனைக் கிழமைகளில் சிலர் முறை வைத்துத் தங்கினோம். சிலர் இன்றைக்கும் தங்குவதில்லை. பி பகுதியைத் திரும்பக் கொண்டுவந்தேன். களைப்பில்லாத காலைப் பாடத்துக்குக் கணிதத்தை மாற்றிக் கேட்டு வாங்கினேன். நிறுவல்களை அடியிலிருந்து தொடங்கினேன்.

நேரத்தைக் கொடுத்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். போதவில்லை. முழு நேரச் சோதனையின் முதல் நாளில் ஹோன் அடித்தது, பேனைகள் மூடின. எழுதுங்கள், நேரம் இருக்கிறது என்றேன். ஓம் டீச்சர் என்றார்கள். கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பவும் சொன்னதும் பேனைகளைத் திறந்தார்கள், ஆனால் அந்த மிச்ச நேரத்தை வைத்து என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு நேரத்தை அவர்கள் கண்டதில்லை. திருப்பிப் பார்ப்பது எப்படி, தெரியாத கணக்கில் தெரிந்த மட்டும் எழுதுவது எப்படி, பாதி நிறுவலுக்கும் புள்ளி உண்டு, எல்லாவற்றையும் இருந்து சொல்லிக்கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் சொன்ன அதே வசனங்கள். அவற்றை முதல் தடவையாகத் தீவில் சொன்னபோது என் நாக்கு எனக்கே கைத்தது.

அந்தப் பிள்ளை அந்த ஆண்டு தீவிலேயே கலைப் பிரிவில் சேர்ந்து, கணிதத்தைத் திரும்ப எழுத முடிவு செய்தாள். அவளுக்கு ஒரு ஆண்டு போனது. அவளோடு அந்த மண்டபத்தில் பேனையை மூடிய மற்றப் பிள்ளைகளில் ஒருவரும் திரும்ப எழுதவில்லை. அவர்களுக்குப் போனது எவ்வளவு என்று நான் கணக்குப் பார்க்கத் துணியவில்லை.

இரண்டாம் தடவை அவள் பி எடுத்தாள். பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. சுருவிலில் பெரியம்மா வீட்டு அறைக்குப் போய்ச் சேர்ந்தாள். கதையை இந்த இடத்தில் முடித்தால் எல்லாருக்கும் சந்தோஷம். கருத்தரங்குகளில் இப்போது என்னைக் கூப்பிட்டு இதைச் சொல்லச் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஹோன், குடை, விடுதி, பி சித்தி. கைதட்டுகிறார்கள். அங்கே சொல்லாத ஒன்று இருக்கிறது.

அவள் இரண்டாம் தடவை எழுதுவதற்குச் சற்று முன்னர் நடந்தது அது. சோதனைக் கிழமை அல்ல, சாதாரண நாள். சாதாரண நாட்களில் நாங்கள் முன்னரைப் போலவே ஹோனுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தோம், இப்போதும் ஓடுகிறோம். அன்றைக்கு அவளை ஒரு முழு வினாத்தாள் எழுத வைப்பது, எழுதி முடியும் மட்டும் அருகில் இருப்பது என்று தீர்மானித்து, மாற்று உடுப்போடு வந்திருந்தேன். காலையிலேயே அவளிடம், இன்றைக்கு நான் நிற்கிறேன், ஆறுதலாக எழுதலாம் என்று சொன்னேன். ஓம் டீச்சர் என்றாள்.

வாசிகசாலை அறையில் அவள் எழுத, நான் எதிரில் ஒரு கதிரையில் இருந்தேன். அவள் ஏ பகுதியை முடித்து, பி பகுதிக்குள் போய், வட்டத்தை வரைந்து நிறுவலைத் தொடங்கியிருந்தாள். ஹோன் அடித்தது. அவளுடைய பேனை நிற்கவில்லை. தலையும் நிமிரவில்லை. இந்த ஒன்றையாவது சரிசெய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது, வலக்கை எழுதிக்கொண்டே இருக்க, அவளுடைய இடக்கை மேசையின் ஓரத்தில் இருந்த என் குடையை எடுத்து என் பக்கமாக நகர்த்தியது.

“நீங்கள் போங்கோ டீச்சர். முடிச்சுப்போட்டு அலுமாரிக்குள்ள வைக்கிறன்.”

“நான் போகேல்லை பிள்ளை. நிக்கிறன் எண்டு காலமையே சொன்னனான்.”

“ஓம் டீச்சர்.”

அந்த ஓம் எந்த ஓம் என்று எனக்குத் தெரியும். நான் குடையைத் தொடாமல் இருந்தேன். துறையில் எஞ்சின் இரையத் தொடங்கியது. பிறகு அந்தச் சத்தம் கடலுக்குள் தள்ளித் தள்ளிப் போனது. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். சத்தம் முழுதாக அடங்கிய பிறகுதான் நிமிர்ந்தாள். முதலில் வாசலைப் பார்த்தாள். பிறகு கதிரையைப் பார்த்தாள். நான் இருந்தேன்.

சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு முகம் செத்துப்போனது. கை தன்பாட்டில் பேனையை மூடியது. எழும்பி நின்றாள்.

“என்னாலதானே போட்டை விட்டிட்டியள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ டீச்சர்.”

நிறுவல் பாதியில் நின்றது. பேப்பர் முடிய இன்னும் நேரம் இருந்தது.